தன் பெயரைத் தேடிப் பார்த்த பாடகி

1997ஆம் ஆண்டு. ஐம்பதைத் தாண்டிய ஒரு தாய்க்கு முதன்முதலாக இணைய வசதியுள்ள கணினி கிடைக்கிறது. இணையத்துக்குப் புதிதாக வந்த எவரும் செய்வதையே அவரும் செய்கிறார்: தன் பெயரைத் தட்டித் தேடுகிறார். 27 ஆண்டுகளுக்கு முன்பு தான் பாடி, சில நூறு பிரதிகளோடு விற்பனை நின்றுபோன ஓர் இசைத்தட்டை யார் யாரோ தேடி அலைவது திரையில் தெரிகிறது. அந்தத் தட்டைப் பற்றி வீட்டில் அவர் பேசுவதே இல்லை. கிட்டாரை எடுத்து வைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூடப் பாடியதில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னவர் அவர்.

அவர் பெயர் வாஷ்டி பன்யன். முதல் ஆல்பம் 1970 டிசம்பரில் வந்தது, இரண்டாவது 2005 அக்டோபரில். இடையில் ஏறக்குறைய 35 ஆண்டுகள்.

இந்தக் கதையை இசைப் பத்திரிகைகள் தேவதைக் கதைபோலச் சொல்வது வழக்கம். குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போன பெண், தொலைந்துபோன இசைத்தட்டு, அதைக் கண்டெடுத்த இளைஞர்கள், கடைசியில் கைதட்டல். நடந்தவை எல்லாம் உண்மைதான். ஆனால் இப்படிச் சொல்லும்போது முக்கியமான கேள்வி ஒன்று விடுபட்டுப்போகிறது. அவர் ஏன் நிறுத்தினார்? குரல் போகவில்லை, பாட்டு எழுத வராமலும் போகவில்லை. தன் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் தன் பேச்சு எடுபடாது என்று இருபத்தைந்து வயதுக்குள் அவருக்கு இரண்டு முறை உணர்த்தப்பட்டிருந்தது. ‘லுக்ஆஃப்டரிங்’ என்ற இரண்டாவது ஆல்பத்தை நான் அந்தக் கேள்வியோடுதான் கேட்கிறேன்.

பன்யன் 1945இல் நியூகாசிலில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரஸ்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியத்தைவிடப் பாட்டெழுதுவதில்தான் நேரம் போகிறது என்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வயதில் நியூயார்க் போனபோது பாப் டிலனின் இரண்டாவது ஆல்பம் காதில் விழுந்தது. இனி இதுதான் வழி என்று முடிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார்.

அவர் ஆசைப்பட்டது நாட்டுப்புறப் பாடகியாக அல்ல, பாப் பாடகியாக. இதை அவர் எத்தனையோ முறை சொல்லியும் பலர் காதில் வாங்கவில்லை. வானொலியில் தினமும் ஒலிக்கும், கடையில் பத்தோடு பதினொன்றாக வாங்கப்படும் சின்னச் சின்னப் பாட்டு. அதை ஒரு கிட்டாரும் ஒரு மெல்லிய குரலும் மட்டுமே தாங்கி நிற்க வேண்டும். பெரிய வாத்தியக் கூட்டமும் ஆர்ப்பாட்டமும் இல்லாமல், அதிகம் விற்கும் பாடல்களை வரிசைப்படுத்தும் பாப் பட்டியலுக்குள் நுழைய முடியும் என்று அவர் நம்பினார். 1965இல் அது துணிச்சலான நம்பிக்கை.

அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டாம் அவரைக் கண்டுபிடித்தார். ஓல்டாம் வளர்த்துவிட்ட பாடகி மரியான் ஃபெயித்ஃபுல் அப்போது அவரைவிட்டுப் போயிருந்தார். அந்த இடத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. டெக்கா நிறுவனத்தின் பெயரில் ஒரு சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு இசைத்தட்டு, வந்தது. ‘வாஷ்டி’ என்று மட்டும் பெயர் போட்டிருந்தார்கள். தமிழ் விவிலியத்தில் எஸ்தர் புத்தகம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்: விருந்துக்கு வந்து தன் அழகைக் காட்டச் சொல்லி ராஜா ஆளனுப்பியபோது வரமாட்டேன் என்று சொன்ன ராணி வஸ்தி. நம் வாஷ்டிக்கு அப்படி மறுக்கும் நிலைமை இல்லை. தட்டின் முன்பக்கப் பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதியது. பின்னால் பெரிய வாத்தியக் குழு. அவர் சொந்தமாக எழுதியது பின்பக்கத்துக்குப் போனது.

அன்றைய சிங்கிள் வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் இதன் பொருள் விளங்கும். லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை மூன்று மணி நேரக் கணக்கில் நடக்கும். வாசிக்கிறவர்கள் கூலிக்கு வந்து, தாளைப் பார்த்து வாசித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடுவார்கள். எந்தப் பாட்டு முன்பக்கம், எத்தனை வயலின், குரல் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தயாரிப்பாளர் முடிவு செய்வார். பாடுகிறவர் பாடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெண், அதிலும் இருபது வயது என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தத் தட்டு ஓடவில்லை. அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தில் ‘டிரெயின் சாங்’ வந்தது, அதுவும் ஓடவில்லை. பிறகு மீண்டும் ஓல்டாமிடம், அவர் தொடங்கியிருந்த இமீடியட் நிறுவனத்துக்குப் போனார். அங்கே பதிவு செய்த பாடல்கள் வெளிவராமலே கிடந்தன. ஒரு பாட்டு தோற்றால் அடுத்ததை எழுதலாம். பாடி முடித்த பாட்டு அலமாரியில் கிடக்கிறது என்றால் என்ன செய்வது? யாரிடம் போய்க் கேட்பது? இதுதான் அவருக்கு விழுந்த முதல் அடி.

1968இல் அவர் லண்டனைவிட்டுக் கிளம்பிவிட்டார். காதலர் ராபர்ட் லூயிஸ் ஓவியக் கல்லூரி மாணவர். இருவரும் கல்லூரிக்குப் பின்னால் இருந்த காட்டில், ஒரு பெரிய புதரின் கீழ் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தும் கிளப்பிவிடப்பட்டபோது, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் பாடகர் டோனவன் கலைஞர்களுக்காக ஒரு குடியிருப்பு அமைக்கப்போவதாகச் சொன்ன செய்தி கையில் இருந்தது. டோனவனே கொஞ்சம் பணம் கடன் கொடுத்தார். அதில் ஒரு பழைய வண்டியும் பெஸ் என்ற குதிரையும் வாங்கினார்கள். தென்கிழக்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகள்வரை, குதிரையின் நடையில். இடையில் குளிர்காலம் வந்தது. வேலை தேட வேண்டியிருந்தது. பயணம் ஓர் ஆண்டையும் தாண்டி நீண்டது. போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை.

முதல் ஆல்பத்தின் பாடல்கள் பெரும்பாலும் அந்தச் சாலையில் எழுதப்பட்டவை. ஏர், மரம், மீன், புல், மின்மினி, நாளைய வானிலை. அவற்றைக் குழந்தைப் பாடல்கள் என்று சிலர் ஒதுக்கினார்கள். எனக்கு அவை ஏற்றப் பாட்டையும் வண்டிப் பாட்டையும்போலத் தெரிகின்றன: கால் ஓயாமல் நடக்கவும், வழியில் மனசு உடைந்துவிடாமல் இருக்கவும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொற்கள். உண்மையான சாலையில் சேறும் பசியும் ஊர்க்காரர்களின் விரட்டலும் இருந்தன. பாட்டுக்குள் அவர் வைத்தது தான் போய்ச் சேர நினைத்த இடத்தை.

ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளர் அந்தப் பாடல்களைக் கேட்டு, பயணம் முடிந்ததும் ஆல்பமாகப் பதிவு செய்யலாம் என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடி 1969 இறுதியில் செய்தும் கொடுத்தார். இடம் செல்சியில் உள்ள சவுண்ட் டெக்னிக்ஸ் கூடம், ஒலிப்பதிவாளர் ஜான் உட். பாடகர் நிக் டிரேக்கின் பாடல்களுக்கு வாத்திய அமைப்பு எழுதிய ராபர்ட் கிர்பி மூன்று பாடல்களுக்கு எழுதினார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவிலிருந்து சைமன் நிக்கோலும் டேவ் ஸ்வார்பிரிக்கும் வந்தார்கள். இன்கிரெடிபிள் ஸ்டிரிங் பேண்டிலிருந்து ராபின் வில்லியம்சன் வந்தார். சில நாட்களில் வேலை முடிந்தது. இத்தனை நல்ல கைகள் ஒரே அறையில் கூடுவது சாதாரண விஷயமில்லை.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பிரிட்டனின் நாட்டுப்புற இசை மறுமலர்ச்சியின் தூண்கள். ஃபிடிலும் மாண்டலினும் பாஞ்சோவும் ஏறிய பிறகு, கேட்பவர் இது நாட்டுப்புற இசை என்றுதான் முடிவு செய்வார். பன்யன் மரபுப் பாடல் எதையும் பாடியவரில்லை. அந்த வட்டத்து மன்றங்களில் வளர்ந்தவருமில்லை. அவர் எழுதியவை ஒவ்வொன்றும் புதுப் பாடல், பாப் பாடலின் அளவும் வடிவும் கொண்டவை. ஓல்டாம் காலத்தில் அவர் குரலுக்குமேல் வயலின் கூட்டம் வந்து உட்கார்ந்தது. இப்போது கிராமத்து வாத்தியங்கள் வந்து உட்கார்ந்தன. பாய்டின் நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. அவர் செய்தது அன்பால் செய்தது. ஆனாலும் முடிவு பாடியவர் கையில் இல்லை. பதிவு முடிந்ததும் அவர் வடக்கே திரும்பிவிட்டார். ஒலிக்கலவையிலும் பாடல் வரிசையிலும் அவருக்குப் பெரிய பங்கு இருக்கவில்லை.

‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ ஓர் ஆண்டு கழித்து பிலிப்ஸ் நிறுவனத்தின் வழியாக வந்தது. அதற்குள் அவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பாய்ட் அமெரிக்காவில் வேறு வேலைக்குப் போகும் தறுவாயில் இருந்தார். விளம்பரம் இல்லை, அவரும் மேடையேறிப் பாடவில்லை. வந்த விமர்சனங்கள் சொற்பம். 25 வயதில் அவர் கிட்டாரை எடுத்து வைத்தார்.

பிறகு நடந்தது வாழ்க்கை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, மறுபடி ஸ்காட்லாந்து. மூன்று பிள்ளைகள், கால்நடைகள், பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலை. இந்த ஆண்டுகளை ‘மௌனம்’ என்று எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மூன்று பிள்ளைகள் வளரும் வீட்டில் ஏது மௌனம்? பாடவில்லை என்பதற்காக ஒருவர் முப்பது வருடம் வாழவே இல்லை என்பதுபோல எழுதக் கூடாது.

அதேசமயம், அவர் அறியாமலே அந்தத் தட்டு வேறொரு பயணத்தில் இருந்தது. வினைல் இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்களின் உலகம் தனியானது. குறைவாக அச்சடிக்கப்பட்டது, சீக்கிரமே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது, கேட்கவும் நன்றாக இருப்பது என்ற மூன்றும் சேர்ந்தால் விலை ஏறத் தொடங்கும். டைமண்ட் டேயின் அசல் பிரதி ஆயிரம் பவுண்டுக்கும் மேல் கைமாறும் நிலைக்கு வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூடப் பாடியவருக்குப் போகாது. ராயல்டி முதல் விற்பனைக்கு மட்டும்தான். பழைய தட்டு எத்தனை முறை கைமாறினாலும் லாபம் விற்றவருக்கே. அதனால்தான் 1997இல் திரையில் தன் பெயரைப் பார்க்கும்வரை அவருக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. காசோலை வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெயரைக் கண்ட உடனே பாட்டு வந்துவிடவில்லை. மூன்று ஆண்டுகள் ஆயின. பழைய ஒலிப்பதிவு ஒன்றை மீண்டும் வெளியிட இரண்டு பொருள்கள் கைக்கு வர வேண்டும். ஒன்று மாஸ்டர் நாடா எனப்படும் மூல ஒலிநாடா, மற்றொன்று அதன்மீதான உரிமை. நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கி விழுங்கிய பிறகு இரண்டும் எந்த அலமாரியில், எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. பால் லாம்ப்டன் என்பவர் அதை மேற்கொண்டார். 2000இல் தன் ஸ்பின்னி என்ற சிறு நிறுவனத்தின் வழியாகக் குறுந்தகடாக வெளியிட்டார். வாஷ்டி தன் இளங்குரலை மீண்டும் முழுதாகக் கேட்டது அப்போதுதான். இத்தனை ஆண்டுகள் தோல்வி என்று நினைத்து ஒதுக்கியதை இரண்டாம் முறை கேட்டபோது, அது தோல்வியாக ஒலிக்கவில்லை.

வாங்கிக் கேட்டவர்கள் இருபதுகளில் இருந்தவர்கள். தொண்ணூறுகளின் கிட்டார் இரைச்சலுக்குப் பிறகு, வீட்டு அறையில் மெல்லப் பாடிப் பதிவு செய்யும் ஒரு தலைமுறை வந்திருந்தது. மறுவெளியீடுகளும் இணையத்தில் பகிரப்பட்ட கோப்புகளும் அவர்களுக்கு 1970ஐயும் 2000ஐயும் ஒரே அலமாரியில் வைத்துக் காட்டின. அவர்களில் ஒருவர் தேவேந்திரா பான்ஹார்ட். பெற்றோர் ஓர் இந்திய குருவைப் பின்பற்றியவர்கள் என்பதால் அமைந்த பெயர் அது. இசையில் தொடர்வதா விடுவதா என்று தெரியாமல் இருந்த நாளில் வாஷ்டிக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்டார். விடாதே என்று பதில் வந்தது. பாட்டை விட்டுவிட்ட ஒருவர் இன்னொருவரை விடாதே என்று சொல்லும் இந்த இடத்தை நான் ஒவ்வொரு முறையும் நின்றுதான் கடக்கிறேன்.

முழு ஆல்பத்துக்கு முன்பு சின்னச் சின்ன ஒத்திகைகள் நடந்தன. 2002இல் பியானோ மேஜிக் குழுவின் ஆல்பத்தில் ஒரு பாடல். 2004இல் பான்ஹார்டின் ஆல்பத்தில் அவரோடு ஒன்று. 2005இல் அனிமல் கலெக்டிவ் என்ற அமெரிக்கக் குழுவோடு ஒரு குறும் தட்டு. அதை வெளியிட்ட ஃபேட்கேட் நிறுவனமே அவருடைய ஆல்பத்தையும் வெளியிட முன்வந்தது. பாடுகிறவர் தன் தொண்டையை மறுபடி நம்புவதற்கு இப்படிப் பிறர் பாட்டில் பாடிப் பழகுவது நல்ல வழி. பொறுப்பு முழுதும் தன் தலையில் இருக்காது.

தயாரிப்பாளராக வந்தவர் மேக்ஸ் ரிக்டர். இன்று திரைப்பட இசையால் உலகம் அறிந்த பெயர். அன்று அவர் ஃபேட்கேட்டின் கிளை நிறுவனத்தில் ‘த புளூ நோட்புக்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டு ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. எடின்பரோவில் இருந்தார், வாஷ்டியும் அங்கேதான். இந்தத் தேர்வு எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் எண்ணம். ரிக்டர் வந்தது மேற்கத்தியச் செவ்வியல் இசையிலிருந்தும் மின்னணு இசையிலிருந்தும். ‘நாட்டுப்புறம்’ என்ற சட்டகமே அவரிடம் இல்லை. பாட்டைக் கேட்டு, அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்றுதான் யோசித்தார். பியானோ வந்தாலும் ஒன்றிரண்டு சுரங்கள் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தந்திக் கருவிகள் குரலுக்கு அடியில் பாய் விரித்ததுபோல வருகின்றன, மேலே ஏறுவதில்லை.

வாசித்தவர்கள் பட்டியலில் ஜோன்னா நியூசமின் ஹார்ப் உண்டு, பான்ஹார்ட் உண்டு, ஆடெம் உண்டு, பிள்ளைகள் வயதுக்காரர்கள். அவர்களோடு ஊதுகருவி வாசிக்க ஒரு முதியவரும் வந்தார். முதல் ஆல்பத்துக்கு வாத்திய அமைப்பு எழுதிய அதே ராபர்ட் கிர்பி. 36 ஆண்டுகள் கழித்து இருவரும் மீண்டும் ஒரே பாட்டில். நிக் டிரேக் 1974இலேயே இறந்துபோனார். கிர்பி 2009இல் போனார். அந்த ஊதல் ஒலியைக் கேட்கும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தலைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘லுக்ஆஃப்டரிங்’ என்ற சொல் ஆங்கில அகராதியில் இல்லை. கவனித்துக்கொள்வது என்ற வினையைப் பெயர்ச்சொல்லாக்கி அவர் செய்துகொண்டது. நமக்கு அது விசித்திரமாகவே தோன்றாது. ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லிவிடுவோம். பிள்ளையைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள் என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! ஊருக்குப் போகிறவரை வழியனுப்பும்போது கடைசியாக வாயில் வருவதும் அதுதான். பார்ப்பதும் காப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. 35 வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் அட்டையிலேயே பதில் எழுதிவிட்டார். அட்டை ஓவியமும் மகள் வரைந்தது.

பதினொரு பாடல்கள், மொத்தம் சுமார் 35 நிமிடம். ‘ஹியர் பிஃபோர்’ பிள்ளைகளைப் பற்றியது. பிறந்த குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தால், இந்த உலகத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்துபோன ஆள்போலத் தெரியுமல்லவா? நம் பாட்டிமார்கள் பிள்ளையைத் தூக்கியதும் செத்துப்போன பெரியவரின் பெயரைச் சொல்லி அவரே வந்து பிறந்திருக்கிறார் என்பார்கள். அந்த உணர்வைத்தான் வாஷ்டி பாடுகிறார். அவர் குரல்மீதே அவர் குரல் ஏறி வருகிறது. ஒரு தாய் பல வயதுகளில் நின்று ஒரே நேரத்தில் பாடுவதுபோல இருக்கிறது.

‘வேவர்ட்’ பாடல்தான் எனக்கு இந்த ஆல்பத்தின் நெஞ்சு. சாலைப் புழுதி படிந்த காலணியோடு அலைந்து திரியும் ஆளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள், துவைத்த வெள்ளைத் துணிகளின் குவியலுக்குள் நாட்களைக் கழிக்கிறாள். பாட்டில் புகார் இல்லை. தியாகத்தின் பெருமையும் இல்லை. இரண்டு வாழ்க்கையையும் ஒரே தட்டில் வைத்து, ஒன்றை மற்றொன்றால் அளக்காமல் விட்டுவிடுகிறார். டைமண்ட் டேயில் புல்லையும் மழையையும் பாடிய பெண் சாலையின் சேற்றைச் சொல்லவில்லை. இந்த ஆல்பத்தில் துணி துவைப்பதைச் சொல்கிறார். முதல் ஆல்பம் கனவுக்காக எழுதியது, இரண்டாவது நடந்ததை வைத்து எழுதியது என்ற வித்தியாசம் இந்த ஒரு பாட்டிலேயே தெரிந்துவிடும். ஆல்பத்தின் கடைசியில் இதே ராகம் சொற்களே இல்லாமல், வெறும் முணுமுணுப்பாகத் திரும்பி வருகிறது. வேலை செய்துகொண்டே வாய்க்குள் பாடுவதைப்போல. தாலாட்டுக்கூடப் பாடாதவர் என்று தெரிந்து அதைக் கேளுங்கள்.

எல்லாப் பாடல்களும் இதே உயரத்தில் இல்லை. நடுவில் வரும் சில பாடல்கள் வேகத்திலும் சாயலிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன; கவனமில்லாமல் கேட்டால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று தெரியாது. பேருந்தில், சந்தடியில் வைத்துக் கேட்கும் இசையும் இல்லை இது. இரவில் வீடு அடங்கிய பிறகு, ஹெட்ஃபோனில், ஒலியைக் கொஞ்சம் குறைத்தே கேட்க வேண்டும். அப்போது ஒவ்வொரு அடிக்கு முன்பும் அவர் மூச்சை இழுப்பது கேட்கும். 1965இல் வாத்தியக் கூட்டம் மூடி மறைத்தது இந்த மூச்சைத்தான்.

‘குரல் மாறவே இல்லை’ என்று ஆல்பம் வந்தபோது பலரும் வியந்தார்கள். ஓரளவு உண்மை. முப்பது வருடம் மேடையில் கத்திப் பாடாத தொண்டை தேயாமல் இருந்தது. முதலிலிருந்தே பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கும் மெல்லிய குரல் அது. பெரிய எட்டுச் சுரத் தாவல்கள் எதையும் அது நம்பியிருக்கவில்லை. ஆனால் இரண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் மாற்றம் தெரிகிறது. இளங்குரல் அடியின் கடைசிச் சொல்லை நேராகப் பிடித்து நிறுத்தும். அறுபது வயதுக் குரல் அதைக் காற்றோடு கரைய விடுகிறது. காலத்தில் உறைந்துபோன குரல் என்று கொண்டாடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை. வயது ஏறியதால்தான் அந்தக் கடைசிச் சொற்கள் அழகாக இருக்கின்றன.

அடுத்த ஆண்டு பிரிட்டனில் ஒரு கைபேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் பழைய டைமண்ட் டே பாட்டு ஒலித்தது. பாப் பட்டியலுக்கு ஆசைப்பட்டவரின் பாட்டு கடைசியில் எல்லா வீட்டு வரவேற்பறைக்குள்ளும் போய்விட்டது. 2007இல் அறுபதுகளின் சிங்கிள்களும் வெளிவராத பதிவுகளும் தொகுப்பாக வந்தன. அதைக் கேட்ட பிறகுதான் அவர் சொல்லிவந்த ‘பாப்’ எது என்று பலருக்கும் புரிந்தது. வெறும் கிட்டாரோடு அவர் பாடிய மாதிரிப் பதிவுகள் அதில் உண்டு. இடையில் எவர் கையும் படாமல் இருந்திருந்தால் 1966இலேயே அவர் எந்த ஒலியோடு வந்திருப்பார் என்பதற்கு அவை சாட்சி. லுக்ஆஃப்டரிங் அந்த ஒலிக்கு வெகு அருகில் இருக்கிறது.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவில் பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்யும் பணியில் இருந்த லிண்டா பெர்ஹாக்ஸ் 1970இல் ஓர் ஆல்பம் வெளியிட்டு, அது கவனிக்கப்படாமல் போனதும் தன் வேலைக்குத் திரும்பினார். அவருடைய இரண்டாவது ஆல்பம் 2014இல் வந்தது. 44 ஆண்டு இடைவெளி. இருவர் கதையிலும் வரிசை ஒன்றுதான்: சேகரிப்பவர்கள், இணையம், சிறு நிறுவனத்தின் மறுவெளியீடு, தேடி வந்த இளைய இசைக்கலைஞர்கள். பெரிய நிறுவனங்கள் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேரையும் தேடிப் போனது, அவர்கள் பாட்டைத் தூக்கிச் சுமந்தது, விரும்பிக் கேட்டவர்கள்தான்.

வாஷ்டியின் மூன்றாவது ஆல்பம் ‘ஹார்ட்லீப்’ 2014 அக்டோபரில் வந்தது. இதுவே கடைசி என்று அறிவித்துவிட்டார். இந்த முறை தயாரிப்பாளர் வேண்டாம் என்று, பெரும்பகுதியைத் தன் வீட்டிலேயே, தானே பதிவு செய்தார். பியானோ வாசிப்பு அவருக்கு முறையாக வராது. இரண்டு கைகளையும் சேர்த்து வாசிக்க முடியாது. ஆனால் பியானோ எப்படி ஒலிக்க வேண்டும் என்பது காதுக்குத் தெரியும். அதனால் வலது கைக்குரியதை முதலில் வாசித்துக் கணினியில் பதிவு செய்துகொண்டார். பிறகு இடது கைக்குரியதைத் தனியாக வாசித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சுரம் சுரமாக இணைத்தார். பல ஆண்டுகள் பிடித்த வேலை. முடிந்தபோது ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசித்ததுபோலத்தான் கேட்கிறது.